டான்யூப் கரைப் பங்காளிகள்

பாதி படித்தவர்கள் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. நன்றாகப் படித்தவர்கள் பேசத் தயங்குவார்கள். படிக்காதவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பாதி படித்தவர்கள்தான் நிறுத்தாமல் பேசுவார்கள். யாரையும் குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எம்.ஏ. வரலாறு முடித்து, ஆசிரியர் தேர்வுக்கு மூன்றாவது முறையாகத் தயாராகிக்கொண்டிருந்த இருபத்தாறு வயதில், பதினொரு வருடமாகச் சேர்ந்து வாழ்ந்துகொண்டிருந்த ஒரு கணவன் மனைவியை, அவர்கள் முகத்துக்கு நேராக, அண்ணன் தங்கை என்று அறிவித்தவள் நான். அதற்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆதாரமும் கொடுத்தேன்.

நடந்தது குமாரபாளையத்தில், என் மாமாவின் தறிப்பட்டறையில். மாமா என்றால் அம்மாவின் தம்பி, பழனிசாமி. குளிக்கும் டவல் நெய்து ஏஜென்ட்டுகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏஜென்ட்டுகள் அதைக் கப்பலில் ஏற்றுவார்கள். எந்த நாட்டுக்குப் போகிறது என்று அவரிடம் சொல்ல மாட்டார்கள். தன்னுடைய டவல்கள் பார்த்த ஊர்களில் ஒன்றைக்கூடத் தான் பார்த்ததில்லை என்பது அவருக்குப் பெரிய குறை. ஒரே ஒரு வெளிநாட்டுக்காரராவது நேராகத் தன் கேட்டுக்கு வந்து இறங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அந்த ஆசை ஒரு கண்காட்சியில் பலித்தது. டெல்லியில் அவர் போட்டிருந்த சின்ன ஸ்டாலில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து நின்றார்கள். அந்தம்மா ஒரு டவலை எடுத்து நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையிலிருந்த பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அது குடித்த வேகத்தைப் பார்த்துவிட்டு மாமாவின் கார்டை வாங்கிக்கொண்டார். டான்யூப் ஆற்றங்கரைப் பக்கம், வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே அவர்களுக்குக் குளியல் விடுதிகள் இருந்தன. தினமும் மூட்டை மூட்டையாக டவல் தேவைப்படும் தொழில்.

அதற்குப் பிறகு நாலு மாதம் மெயில் போக்குவரத்து. மாமாவின் பேரில் எழுதியது நான்தான். (அவராக எழுதிய ஒரே மெயிலில் 'யெஸ் சார்' என்பது ஏழு இடத்தில் இருந்தது. பெற்றுக்கொண்டவர் ஒரு பெண்.) கடைசியாக ஒரு மெயில் வந்தது. கரூருக்கு வேறு வேலையாக வருகிறோம், கோயமுத்தூரில் விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு முற்பகல் உங்களுக்காக ஒதுக்குகிறோம், தறி ஓடுவதை நேரில் பார்க்க வேண்டும்.

மாமா வேலையில் இறங்கினார். அப்போதுதான் கட்டி முடித்த புது ஷெட்டுக்கு இரண்டு முறை வெள்ளையடித்தார். தறி ஓட்டுபவர்களுக்கு ஒரே நிறத்தில் சட்டை தைத்தார். எல்லாம் முடிந்த பிறகும் ஏதோ குறைவது போல அவருக்கு இருந்தது. என்னைக் கூப்பிட்டார். நான் வரலாறு படித்தவள் என்பது திடீரென்று அவர் நினைவுக்கு வந்திருந்தது.

"கண்ணு, அவிங்க ஊரப்பத்தி, அவிங்க முன்னோருகளப்பத்தி இங்கிலீஸ்ல நாலு வார்த்த பேசீரு. நம்முளப்பத்தித் தெரிஞ்சு வெச்சிருக்கறாங்கன்னு அவிங்க மனசு குளுந்துரும்" என்றார்.

மூன்று வருடமாக வீட்டில் உட்கார்ந்து படிக்கிறாள், ஒன்றுக்கும் ஆகவில்லை என்று உறவுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். ஒத்துக்கொண்டேன். நாலு வார்த்தை என்று அவர் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை.

டான்யூப் கரை மக்களைப் பற்றி என் எம்.ஏ. புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. மீதியைப் போனில் தேடி மூன்று நாள் படித்தேன். படித்ததன் சாரம் இது. ஆற்றின் இரண்டு கரையிலும் வாழ்ந்தவர்களைக் கிரேக்கர்கள் கெட்டேயர் என்றார்கள். வடக்கே மலைப்பக்கம் இருந்தவர்களை ரோமானியர்கள் டேசியர் என்றார்கள். இரண்டு பேரும் ஒரே மொழி பேசினார்கள் என்று அந்தக் காலத்துப் புவியியல்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். திரேசியர் என்று தெற்கே ஒரு பெரிய இனம் இருந்தது. அந்தத் திரேசியருக்குள்ளேயே வீரமானவர்கள் இந்தக் கெட்டேயர்தான் என்று இன்னொரு பழைய கிரேக்கர் எழுதியிருக்கிறார்.

ஆகவே டேசியரும் கெட்டேயரும் ஒன்று. கெட்டேயர் திரேசியரில் ஒரு பிரிவு. அப்படியென்றால் எல்லாரும் ஒன்று. நோட்டில் அம்புக்குறி போட்டு இதை வரைந்து, கீழே இரண்டு கோடு இழுத்துவிட்டேன். நான் படித்த ஒவ்வொரு கட்டுரையிலும் 'ஆனால்' என்று தொடங்கும் பத்திகள் நிறைய இருந்தன. நேரம் போதாததால் அவற்றை எல்லாம் தாண்டிவிட்டேன்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் காலையில் மாமா வீட்டுச் சமையலறையில் நின்று அத்தைக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். அத்தை பெயர் சரஸ்வதி. சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் முதலில் ஊரைக் கேட்பார்கள், அடுத்து கூட்டத்தை, அதாவது குலத்தைக் கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கை முறைதான். வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். பெண் கொடுக்கலாம், எடுக்கலாம். இந்தக் கணக்கில் அத்தைதான் எங்கள் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம். ஜாதகம் பொருந்தி, மாப்பிள்ளை பிடித்து, மண்டபம் பேசிய கல்யாணத்தைக்கூட அத்தை ஒரு கேள்வி கேட்டு நிறுத்தியிருக்கிறார்.

என் ஆங்கிலப் பேச்சை முழுதாகக் கேட்டுவிட்டு, தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். கெட்டேயர் என்றால் கெட்டவர்களா என்று கேட்டார். இல்லை, வீரர்கள் என்றேன். பிறகு முக்கியமான கேள்விக்கு வந்தார்.

"அவிங்கல்லாம் ஒரே கூட்டமா, இல்ல கொண்டு குடுத்துக்கறவங்களா?"

இரண்டாயிரம் வருடச் சிக்கலை அத்தைக்குப் புரியும்படி ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்ததில் எனக்கு அப்போது ஏற்பட்ட பெருமையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. "ஒரே கூட்டந்தானுங்கத்த. டேசியரு, கெட்டேயரு, திரேசியரு எல்லாரும் பங்காளிங்க" என்றேன்.

அப்படியானால் அவர்களுக்குள் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அத்தை முடிவாகச் சொன்னார். ஆமாம், மாட்டார்கள் என்றேன். (எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்கவில்லை. வெங்காயம் கண்ணைக் கரித்தது. சீக்கிரம் வெளியே போக வேண்டியிருந்தது.)

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. கணவர் பெயர் மிர்ச்சா. உயரமானவர், பெரிய மீசை. வேட்டி கட்டியிருந்தால் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி முதலாளி என்றே நினைத்திருப்பார்கள். மனைவி தெசிஸ்லவா, தெசி என்று கூப்பிட்டால் போதும் என்றார். குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தார். கையில் ஒரு நோட்டு. இறங்கியதும் கொடியில் காய்ந்துகொண்டிருந்த டவலைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். அத்தையிடம் போனில் தங்கள் இரண்டு குழந்தைகளின் படத்தைக் காட்டினார். அத்தைக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஷெட்டுக்கு முன்னால் பந்தல். கல்யாண வீடுகளுக்குப் போடுகிற சவுண்ட் செட். புதுச்சட்டையில் தறிக்காரர்கள் இருபது பேர். நான் இரண்டு கையையும் விரித்தால் கைதட்ட வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தேன். பேச்சு முடிந்ததும் அத்தை ஆரத்தி எடுத்து, தம்பதியை ஜோடியாக நிறுத்தி மாலை போடுவது என்று ஏற்பாடு. அது முடிந்ததும் தறி பார்ப்பது, பிறகு சாப்பாடு, இரண்டு மணிக்குக் கார்.

பேச்சை நன்றாகவே தொடங்கினேன். "டேசியரின் வழிவந்தவர்களே" என்றதும் மிர்ச்சா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஓநாய்த் தலை வைத்த அவர்களுடைய போர்க்கொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டினார். அதில் ஒரு ஓநாய்த் தலை தொங்கியது. மாமாவுக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் சாவிக்கொத்து புரிந்தது. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த இடத்தில் நான் நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

கெட்டேயருக்கு வந்தேன். கெட்டேயரும் டேசியரும் ஒன்று என்றேன். அப்போது தெசி, வகுப்பில் கை தூக்குவது போலக் கை தூக்கினார். ஒரு சின்னத் திருத்தம் என்றார். அவருடைய கணவர்தான் ருமேனியாக்காரர். தான் ஆற்றுக்குத் தெற்கே, பல்கேரியா. கெட்டேயர் திரேசிய இனம். அவர்களுடைய கல்லறைகள் தங்கள் பக்கத்தில் இருக்கின்றன, பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். தகவலுக்காகச் சொன்னேன் என்று சிரித்தார்.

மெயில்கள் எல்லாம் ருமேனிய முகவரியிலிருந்தே வந்ததால், மனைவிக்கு வேறு ஊர் இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு நொடி திகைத்தேன். அடுத்த நொடி என் நோட்டில் இருந்த அம்புக்குறிப் படம் நினைவுக்கு வந்தது. தப்பிக்கக் கிடைத்த வழி என்று நினைத்து அதில் ஏறினேன்.

அப்படியென்றால் இன்னும் நல்லது என்றேன். டேசியர்தான் கெட்டேயர். கெட்டேயர்தான் திரேசியர். ஆகையால் நீங்கள் இரண்டு பேரும் ஒரே மக்கள், ஒரே ரத்தம். எங்கள் ஊர் முறைப்படி சொன்னால் நீங்கள் இருவரும் அண்ணன் தங்கை. இதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தறிக்காரர்களுக்கும் புரிய வேண்டுமே என்று தமிழிலும் சொன்னேன்.

"இவங்க ரெண்டு பேரும் ஒரே கூட்டமுங்க. பங்காளிங்க."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்தேன். இருபது பேரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது நான் பார்த்தது அத்தையை. ஆரத்தித் தட்டை மெதுவாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்.

மிர்ச்சாவோ சந்தோஷமாகச் சிரித்தார். பதினொரு வருடமாக இதைத்தான் சொல்கிறேன் என்று மனைவியிடம் சொன்னார். உங்கள் திரேசியர் எல்லாம் எங்கள் ஆட்கள்தான் என்றார். தெசி அவரைத் திருத்தினார்: நீங்கள்தான் எங்களில் ஒரு கிளை. இதற்கு முன்னால் பல முறை நடந்த சண்டை அது என்பது, இருவரும் யோசிக்காமலே பதில் சொன்ன வேகத்தில் தெரிந்தது. சமையலறையில் தொடங்கி மாமியார் வீட்டில் முடிந்த சண்டையாக இருந்திருக்கும். இப்போது குமாரபாளையத்தில் மைக் வைத்துத் தொடங்கியிருந்தது.

நான் சமாதானம் செய்ய முயன்றேன். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மூன்றாவது பெயர் கிடைத்தால் சண்டை நின்றுவிடும் என்று தோன்றியது. கெட்டேயரைக் கோத்தியர் என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்றேன். (அந்தக் காலத்து எழுத்தாளர்கள் சிலர் பெயர் ஒற்றுமையால் செய்த குழப்பம் அது. கோத்தியர் பின்னால் வந்த, வேறொரு இனம். 'ஆனால்' பத்தியில் இதைச் சொல்லியிருப்பார்கள்.) இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். அடுத்த கால் மணி நேரம் இரண்டு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் நடத்தினார்கள். பாடம் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

மணி பதினொன்றரை ஆகிவிட்டது. மாமா இரண்டு முறை ஷெட் பக்கம் கையைக் காட்டினார். அவர்கள் கவனிக்கவில்லை. அப்போது அத்தை, முதலில் சாப்பிடட்டும், பசியில் பேசினால் பேச்சு வளரும் என்று சொல்லி எல்லாரையும் வீட்டுக்குள் கூப்பிட்டார். மாலை போடும் நிகழ்ச்சி எப்படியோ மாறியிருந்தது. மிர்ச்சாவுக்கு மாமா ஒரு மாலை போட்டார். பத்தடி தள்ளி நின்ற தெசிக்கு அத்தை ஒரு மாலை போட்டார்.

சாப்பாட்டிலும் அப்படியே. மிர்ச்சாவுக்கு முன்ஹாலில் மாமாவோடு இலை. தெசிக்கு உள்ளே, எனக்கும் அத்தைக்கும் நடுவில். நடுவில் இருந்த கதவை அத்தை சாத்திவிட்டார்.

கொஞ்சம் சாப்பிட்ட பிறகு தெசி என்னைக் கேட்டார், இங்கே ஆண்களும் பெண்களும் தனித்தனியாகத்தான் சாப்பிடுவார்களா என்று. இல்லையே என்று எனக்கே சந்தேகம் வந்து, அத்தையிடம் கேட்டேன். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ற ஊட்ல, அண்ணன் தங்கச்சிய ஜோடியா ஒக்கார வெச்சு நான் எலை போடோணுமா கண்ணு? அவிங்க ஊர்ல என்ன வழக்கமோ, நான் கேக்கல. ஆனா கண்ணுல பாத்துட்டு என்னால முடியாது. நீதான மைக்குல சொன்ன."

பிறகு தெசியின் இலையில் இன்னொரு கரண்டி பொரியல் வைத்துவிட்டு, "ரெண்டு கொழந்தைக வேற. தெரியாமப் பண்ணிப்போட்டாங்களாட்ட இருக்குது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

தெசி அத்தையின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன சொல்கிறார், சொல்லியே ஆக வேண்டும் என்றார். உடம்புக்குச் சரியில்லை என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்லும் அளவுக்கு எனக்கு ஆங்கிலம் அந்த நேரத்தில் வரவில்லை. உண்மையை அப்படியே மொழிபெயர்த்தேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து, மாமா பக்கத்தில் உட்கார்ந்து ரசம் குடித்துக்கொண்டிருந்த கணவரிடம் போய்ச் சொன்னார். மிர்ச்சா டம்ளரைக் கீழே வைத்தார். இந்த வீட்டில் தங்களைக் குற்றவாளிகளாக நினைக்கிறார்களா என்று என்னைக் கேட்டார். அவ்வளவு பெரிய உருவம் அவ்வளவு மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். மாமா என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். அவருக்கும் சொன்னேன். அவர் அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் இலையைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் கூட்டம், பங்காளி, மாமன் மச்சான் எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினேன். இருவரும் உன்னிப்பாகக் கேட்டார்கள். தெசி டவல் குறிப்பு எழுதும் நோட்டில் இதையும் எழுதிக்கொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு, இந்த வீட்டில் இதை முடிவு செய்கிறவர் யார் என்று கேட்டார். அத்தையைக் காட்டினேன்.

பிறகு நடந்ததை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். பதினொரு வருடமாக எல்லாரும் ஒன்று என்று வாதாடிய மிர்ச்சா, அத்தைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டேசியரும் திரேசியரும் முற்றிலும் வேறு வேறு என்று தொடங்கினார். தெசி, ஆமாம், சம்பந்தமே கிடையாது என்றார். காலையில் மறுத்த ஒவ்வொன்றையும் மதியம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் எடுத்துக் கொடுத்தார்கள். நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன்.

முதல் ஆதாரம் ஊர்ப் பெயர். வடக்கே பழைய ஊர்கள் 'தவா' என்று முடியும், தெற்கே 'பரா' என்று முடியும். ஆகவே வேறு வேறு மக்கள். இது உண்மையிலேயே அறிஞர்கள் சொல்லும் வாதம். அத்தை அதை உடனே தள்ளிவிட்டார்.

"எருமப்பட்டி பட்டின்னு முடியுது, குமாரபாளையம் பாளையம்னு முடியுது. ரெண்டு ஊர்லயும் நம்ம பங்காளிக இருக்காங்களே."

இரண்டாவது ஆதாரம் மொழி. இரண்டு மொழிகளும் வேறாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு நிறையப் பேர் சொல்கிறார்கள் என்றார் தெசி. ஆத்தூர்க்காரர்கள் பேசுவதும்தான் வேறு மாதிரி இருக்கிறது, அதனால் முறை மாறிவிடுமா என்றார் அத்தை. ஓநாய்க்கொடியும் எடுபடவில்லை. தங்கள் பக்கத்துக் கல் சிற்பங்களில் குதிரைவீரன் ஒருவன் சாமியாக இருக்கிறான், வடக்கே இருந்தவர்களுக்கு அவன் கிடையாது என்று தெசி சொன்னபோது மட்டும் அத்தை கொஞ்சம் யோசித்தார். குலசாமி வேறாக இருந்தால் விஷயம் வேறு. ஆனால் எந்தக் கோயில், எந்த மாதம் கும்பிடுவார்கள் என்று கேட்டார். அதற்கு ஆதாரம் இல்லை.

தெசி சோர்ந்துபோனார். நோட்டை மூடினார். வரலாற்றை விட்டுவிட்டு, அத்தையின் சொந்த ஊர் எது என்று கேட்டார். பவானி என்றேன், இங்கிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பவானி, இந்த வீட்டு மாடியில் நின்றாலே தெரியும்.

தங்கள் ஊர்களும் அப்படித்தான் என்றார் தெசி. இந்தக் கரையில் மிர்ச்சாவின் வீடு, அந்தக் கரையில் தன் வீடு, நடுவில் ஆறும் பாலமும். ஆனால் மிர்ச்சாவின் அம்மா இந்தக் கல்யாணத்துக்கு ஒரு வருடம் சம்மதிக்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண் நம் வீட்டுக்கு ஒத்து வராது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இதை மொழிபெயர்த்தபோது அத்தை முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இரு கண்ணு. அவிங்க மாமியா என்ன சொன்னாங்க? பொண்ணு ஆவாதுன்னாங்களா, மொறை ஆவாதுன்னாங்களா?"

கேட்டுச் சொன்னேன். பெண்தான். சமைக்கத் தெரியாது, எதிர்த்துப் பேசுகிறாள், உச்சரிப்பு சரியில்லை. முறையைப் பற்றி அந்தம்மா ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

"அப்ப பங்காளி இல்ல," என்றார் அத்தை. "பங்காளியா இருந்தா மொதல் வார்த்தையே மொறை ஆவாதுன்னல்ல சொல்லியிருப்பாங்க. பொண்ணச் சொன்னாங்கன்னா அது மாமியா. என்ற மாமியாளும் பாலத்துக்கு அந்தப்பக்கத்தவன்னுதான் சொன்னாங்க."

தீர்ப்பு அவ்வளவுதான். நான் மூன்று நாள் படித்தும், அறிஞர்கள் பல காலம் எழுதியும் முடியாத விஷயத்தை அத்தை ஒரு மாமியாரை வைத்து முடித்துவிட்டார். உள்ளே போய் தெசியின் இலையை எடுத்து வந்து மிர்ச்சாவின் இலைக்குப் பக்கத்தில் போட்டார். இருவரையும் ஜோடியாக உட்காரவைத்து, அப்பளத்திலிருந்து மறுபடி பரிமாறினார். பிறகு ஆரத்தி எடுத்தார். இரண்டு மாலைகளையும் கழற்றி, மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தெசி அத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மிர்ச்சா மீசையைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது வெளியே கார் டிரைவர் ஹாரன் அடித்தார். மணி இரண்டு.

தறியை யாரும் பார்க்கவில்லை.

புது ஷெட்டில் இருபது பேரும் பேச்சு முடிந்ததிலிருந்து ஆளுக்கொரு தறிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட முறை வைத்துத்தான் போய் வந்திருந்தார்கள். மிர்ச்சா வாசலில் இருந்தே எட்டிப் பார்த்து, அருமை என்றார். விமானம் காத்திருக்காது. கார் போய்விட்டது.

மாமா ஷெட்டுக்குள் போய் தறிகளை ஓட்டச் சொன்னார். எல்லாத் தறியும் ஓடியது. வெள்ளையடித்த சுவரோரம் தனியாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"நல்லாத்தான் பேசுன சாமி," என்றார். "அடுத்த தடவ டவலப்பத்தியும் ரெண்டு வார்த்த பேசு."

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் திருச்செங்கோடு வரும்வரை அழுதேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் பதிலே இல்லை. நான் தினமும் காலையில் மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு, மாமா போன் செய்வதற்கு முன்னால் நானே போன் செய்து இன்றைக்கும் இல்லை என்பேன். அவரும் சரி என்பார். இருபத்து மூன்றாம் நாள் தெசியிடமிருந்து ஒரு மெயில் வந்தது. தறியைப் பார்க்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். தண்ணீர் ஊற்றிப் பார்த்த டவலே போதும், அதை நம்புகிறேன் என்று எழுதியிருந்தார். கூடவே இரண்டு படங்கள். ஒன்று ஓநாய்த் தலை, இன்னொன்று குதிரைவீரன். தங்கள் விடுதிகளுக்கு ஒரே சின்னம் எது என்பதில் பல வருடமாக இருவருக்கும் தகராறாம். இரண்டு கூட்டமும் வேறு வேறு என்று உங்கள் அத்தை தீர்ப்புச் சொன்ன பிறகு வழி கிடைத்துவிட்டது. வடகரை விடுதி டவலில் ஓநாய், தென்கரை விடுதி டவலில் குதிரை. சின்னதாக ஒரு சரக்கு அனுப்பிப் பாருங்கள்.

பெரிய ஆர்டர் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் வருடத்துக்கு இரண்டு தடவைதான் வரும். ஆனால் நேராக மாமாவின் பெயருக்கு வரும். டவல் மடிக்கும் பெண்கள் அவற்றை நாய் டவல், குதிரை டவல் என்று பிரித்து வைப்பார்கள். நாய் இல்லை, ஓநாய் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். என் வரலாற்று அறிவுக்கு அந்த ஷெட்டில் மரியாதை இல்லை.

உறவுக்குள்ளும் அதே நிலைமைதான். நான் இப்போது பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். 'ஆனால்' என்று தொடங்கும் பத்திகளை முதலில் படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். ஆனாலும் எந்தக் கல்யாண மண்டபத்திலாவது யாருக்காவது யாரையாவது நான் அறிமுகப்படுத்தப் போனால், யாராவது ஒருவர் குறுக்கே வந்துவிடுவார். இவளிடம் கேட்காதீர்கள், புருஷன் பொண்டாட்டியை அண்ணன் தங்கை என்று சொல்லிவிடுவாள் என்பார். கேட்டவர்கள் ஏன் என்பார்கள். முழுக் கதையும் அங்கேயே நடக்கும். அத்தை தன் பங்கைத் தானே நடித்துக் காட்டுவார்.

வாழப்பாடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோது இந்தக் கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையோடு தனியாக ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். அவர் என் சம்பளம், சமையல் எதையும் கேட்கவில்லை. நம் இருவருக்கும் முறை சரியாக இருக்கிறதா, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அவர் அதை நம்பாமல் வெளியே போய் அத்தையிடமும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. எங்களுக்குள் சண்டை வந்தால் அவர் குரலை உயர்த்த மாட்டார். நான் ஏதாவது ஒரு விஷயத்தை ஆதாரத்தோடு விளக்கத் தொடங்கினால், பாதியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "செரிங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிவிடுவார்.